ஊறவைத்துக் கொட்டிய தண்ணீர்

சுசீந்திரத்திலிருந்து தெற்கே போகும் மினி பஸ்ஸில் ஏறி, கால்வாய்ப் பாலத்தில் இறங்கி, இசக்கியம்மை வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. புருசனுக்கு வெள்ளம் குடுக்காதவ வீடு எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் கை காட்டும். குடிக்கிற தண்ணீரை இந்தப் பக்கத்தில் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் அவளுக்கு விழுந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்துவிட்டது.

தோவாளையில் பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தவள். இருபது வயதில் பகவதியப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அரசு பஸ் டிரைவர். பஸ்ஸில் கிழவி ஓடிவந்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்வான், டீக்கடையில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பான். ஊருக்குள் அவனைத் தங்கம் என்பார்கள். வீட்டுக்குள் வந்ததும் அந்தத் தங்கம் என்ன ஆகும் என்பது அடுக்களைச் சுவருக்குத்தான் தெரியும். கல்யாணமான அந்த வாரத்திலேயே, சாம்பாரில் உப்பு குறைவு என்று சோற்றுத் தட்டைத் தூக்கி அந்தச் சுவரில் எறிந்தான். சுண்ணாம்பு பெயர்ந்த இடம் இன்னும் இருக்கிறது. பிறகு எத்தனை தட்டு என்று அவள் கணக்கு வைக்கவில்லை. உப்பு கூடினால் ஒன்றும் சொல்ல மாட்டான், குறைந்தால்தான். அதனால் இசக்கியம்மை எப்போதுமே ஒரு சிட்டிகை கூடப் போட்டுப் பழகிவிட்டாள். பயத்தில் போட்ட உப்பு. முப்பது வருசம் அந்த உப்பைத்தான் தின்றான்.

ரத்தக் கொதிப்பு இருந்தது, சர்க்கரை இருந்தது. மாத்திரையை அவன் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஓய்வு பெற்ற மறு வருசம் முகம் வீங்கியது, கால் வீங்கியது, வாயில் இரும்பு ருசி தட்டுகிறது என்றான். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் காட்டினார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டன, வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தால்தான் ஆள் இருப்பார் என்று டாக்டர் சொன்னார். செவ்வாயும் சனியும் என்று முறை வைத்தார்கள். உப்பை நிறுத்த வேண்டும், தண்ணீர் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்றார்கள்.

பகவதியப்பன் அப்போதும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தான். "கேட்டியாட்டி, எல்லாம் ஒனக்க சமையல்" என்றான்.

டயாலிசிஸ் அறையில் சிஜின் என்று ஒரு பையன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன், வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் ஊசி குத்தினால் வலி தெரியாது. முதல் நாள் புருசனின் ரத்தம் சிவப்புக் குழாயில் ஏறி, ஒரு கண்ணாடிக் குழல் மாதிரி இருந்த பெட்டிக்குள் போய்த் திரும்பி வருவதைப் பார்த்ததும் இசக்கியம்மைக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிஜின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அம்மா, மரச்சீனி அவிப்பியளா?" என்று கேட்டான். மரவள்ளிக் கிழங்கைத்தான்.

"அவிக்காம?"

"வெட்டி வெள்ளத்துல போட்டு வச்சிட்டு, பொறவு அந்த வெள்ளத்தக் கொட்டுவியளா?"

"கொட்டாட்டா தல சுத்தும்லா, மக்கா."

"அந்த விஷத்த யாரு பிடிச்சு வெளிய தள்ளுனா? ஒருத்தரும் இல்ல. கெழங்குக்குள்ள அது கூடுதல், வெள்ளத்துல ஒண்ணும் இல்ல. அதான் தானா எறங்கி வருது. இங்கயும் அதே வேலதான். அப்பாக்க ரத்தத்துல அழுக்கு கூடுதல். இந்தப் பெட்டிக்குள்ள முடி மாதிரி குழலு நெறைய இருக்கு, அதுக்குள்ள ரத்தம் ஓடும். குழலுக்கு வெளிய சுத்தமான வெள்ளம் ஓடும். நடுவுல மெலிசா ஒரு தோலு, அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. சின்னச் சின்ன அழுக்கெல்லாம் அது வழியா தானா அந்தப் பக்கம் போயிரும். ரத்தத்துல உள்ள பெரிய சாமானுக்கு அந்த ஓட்டை பத்தாது, அது உள்ளயே நிக்கும்."

இசக்கியம்மை கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்தாள். "ரெண்டு பக்கமும் ஒண்ணு போல ஆயிட்டா?"

"போக்குவரத்து நின்ன மாதிரிதான். அதனாலதான் இந்த வெள்ளத்த மாத்திக்கிட்டே இருக்கோம். நீங்களும் கெழங்குக்கு ரெண்டாம் வெள்ளம் ஊத்துவியள்லா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் தலை சுற்றி நின்றதில்லை.

உப்பைப் பற்றியும் சிஜின்தான் சொன்னான். பச்சை மாங்காயை உப்புப் போட்டுப் பரணியில் அடைத்து வைத்தால், ஒரு சொட்டு ஊற்றாமலே மறுநாள் பரணிக்குள் தண்ணீர் நிற்கிறதே, அது மாங்காய்க்குள்ளிருந்து வந்ததுதான். உப்பு இருக்கிற பக்கத்துக்குத் தண்ணீர் தோலைக் கடந்து தானாக வந்துவிடும். ரத்தத்தில் உப்பு கூடினால் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் அந்த மாங்காய்தான். சுருங்கும், தாகம் தாகம் என்று கத்தும். தண்ணீரைக் குறைக்க வேண்டுமானால் முதலில் உப்பைக் குறையுங்கள் என்றான்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, இசக்கியம்மை பையில் இரண்டு கருக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். கருக்கு என்றால் இளநீர்தான். இந்த ஜில்லாவில் மூத்திரக் கடுப்புக்குக் கருக்கு, உடம்புச் சூட்டுக்குக் கருக்கு, சிறுநீரகக் கல்லுக்குக் கருக்கு. ஆசுபத்திரியில் ஆளைப் பார்க்கப் போகிறவன் கையிலும் கருக்கு இல்லாவிட்டால் ஏத்தன்பழம். கிட்னிக்குக் கருக்கு நல்லது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள்கூடச் சொல்லியிருந்தாள். சிஜின் அதைப் பார்த்ததும் ஓடிவந்து கையிலிருந்து பிடுங்காத குறை.

"அம்மா, அப்பாவக் கொல்லப் போறியளா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. அவன் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தான்.

"இதுல பொட்டாசியம்னு ஒண்ணு நெறைய உண்டு. நல்ல கிட்னி உள்ளவன் குடிச்சா மூத்திரத்துல போயிரும். அப்பாக்குப் போக வழி இல்ல, ரத்தத்துலயே தங்கிரும். நெஞ்சு துடிக்கணும்னா அது செல்லுக்கு உள்ள கூடுதலாவும் வெளிய கொறவாவும் இருக்கணும். அந்த வித்தியாசத்துலதான் நெஞ்சு ஓடுது. வெளியவும் கூடிட்டுன்னா நெஞ்சு நின்னுரும். சத்தமே கேக்காது. மொதல்ல கால் தளரும், அது ஒண்ணுதான் அடையாளம்."

அன்றிலிருந்து இசக்கியம்மையின் அடுக்களை வேறு மாதிரி ஆயிற்று. மரச்சீனியோ சேனையோ உருளைக்கிழங்கோ, எதுவானாலும் நகத்தளவுக்கு நறுக்குவாள். வெந்நீரில் ஊறவைப்பாள், கொட்டுவாள், மறுபடி ஊறவைப்பாள், கொட்டுவாள், பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்டுவாள். உள்ளே இருந்த பொட்டாசியமும் போகும், ருசியும் போகும். மிஞ்சுகிற சக்கையில் கொஞ்சம் மிளகுத்தூளைத் தூவித் தட்டில் வைப்பாள். உப்பு கிடையாது. பழம் கிடையாது. சாளை மீன் குழம்பில் தொட்டுக்கொள்ள ஒரு விரல் நனைப்பு.

முதல் தடவை அந்தத் தட்டை அவன் முன்னால் வைத்தபோது அவள் வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது. அதை மறைப்பானேன், சந்தோசம்தான். பகவதியப்பன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கினான். எறிய வலு இல்லை. தட்டு அவன் மடியிலேயே கவிழ்ந்தது.

"பெறக்கித் தின்னுங்கோ" என்றாள் இசக்கியம்மை. "இதுதான் இனி."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அது வேறு.

சோற்றைக்கூடச் சமாளித்துவிடலாம், தண்ணீர்தான் பெரும்பாடு. காலையில் அரை லிட்டர் குப்பியை நிறைத்து மேசைமேல் வைப்பாள். மாத்திரைக்கும், காப்பிக்கும், தாகத்துக்கும் எல்லாம் அதிலிருந்துதான். மத்தியானத்துக்குள் தீர்த்துவிடுவான். பிறகு கெஞ்சல். "ஒரு மொடக்கு தாட்டி. ஒரே மொடக்கு." பஸ்ஸை வளைத்துத் திருப்பிய ஆள், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடப்பான். குளிமுறிக் குழாயில் வாயை வைத்துக் குடித்தான். குழாயைப் பூட்டு வைத்து அடைத்தாள். முகம் துடைக்கக் கொடுத்த ஈரத் துவர்த்தைத் திரும்ப வாங்கும்போது அது காய்ந்திருக்கும், சப்பி உறிஞ்சியிருப்பான். அதற்குப் பிறகு துவர்த்தை நனைத்து, பிழிந்து, உதறித்தான் கொடுத்தாள். விளக்குப் பக்கத்தில் பூவுக்கு வைத்திருந்த கிண்டித் தண்ணீரை ஒரு நாள் குடித்துவிட்டான். கிண்டியை எடுத்துப் பரணில் போட்டாள். காலையில் எடை பார்க்கும் மெஷினில் ஏற்றி நிறுத்தினால் முந்தின நாள் திருட்டெல்லாம் முள்ளில் வந்து நிற்கும்.

"கொலகாரி" என்பான்.

"ஆமா" என்பாள்.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரே ஒரு காரியம் சண்டை இல்லாமல் நடந்தது. ஊசி குத்துவதற்காக அவன் இடது முழங்கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கையை வைத்தால் உள்ளே ரத்தம் பாய்வது கிறுகிறுவென்று தெரியும். கிறுகிறுப்பு நின்றால் உடனே ஆசுபத்திரிக்கு வர வேண்டும் என்று சிஜின் சொல்லியிருந்தான். தினமும் எழுந்ததும் அவன் கையை நீட்டுவான், அவள் உள்ளங்கையை அதன்மேல் வைப்பாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அப்படி ஒரு தொடுதல் அவர்களுக்குள் இருந்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பகவதியப்பனைப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கருக்கும் ஏத்தன்பழமும் மட்டிப்பழமும் ஆரஞ்சும் வந்தன. இசக்கியம்மை வாசலிலேயே வாங்கி, அந்தப் பக்கமாகவே ஆட்டுக்குப் போட்டாள். பழத்தை ஆடு தின்பதை வந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போதாதா? பகவதியப்பனும் ஆள் வந்த நேரம் பார்த்துக் கண்ணீர் விட்டான். அவனுடைய அக்காள் தாணம்மை சுசீந்திரம் தேரடிப் பக்கம் இருந்து வாராவாரம் வருவாள். தம்பியின் உதடு வெடித்துக் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏட்டி இசக்கி, தெருநாய்க்குக்கூட சிரட்டையில வெள்ளம் வைப்பாவளே. எனக்கத் தம்பி ஒனக்கு என்ன பாவம் செஞ்சான்?"

என்ன பாவம் செய்தான் என்று அடுக்களைச் சுவரைக் காட்டியிருக்கலாம். இசக்கியம்மை காட்டவில்லை. "டாக்டர் சொன்னது மயினி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் இத்தனை பேச்சையும் தாங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மகன். ஒரே மகன் அனில்குமார் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று இசக்கியம்மை டாக்டரிடம் போய் நின்றாள். அவளுக்கும் சர்க்கரை இருந்ததால் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மகனின் ரத்த வகை தகப்பனின் ரத்த வகைதான், மற்ற பரிசோதனையும் சரியாக வந்தால் மாற்றி வைக்கலாம் என்றார் டாக்டர். போனில் அவனிடம் சொன்னபோது, "ஒரு கிட்னி போனா பொறவு வெயிட்டு தூக்கலாமாம்மா?" என்று கேட்டான். பிறகு அவனே, "சரிம்மா, சித்திரைல லீவு கெடைக்கும். வந்து டெஸ்ட் எடுக்கேன். அதுவரைக்கும் அப்பாவப் பாத்துக்க" என்றான்.

அதுவரைக்கும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இசக்கியம்மை கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும் கொலைகாரியாக இருந்தாள். ஆளை உயிரோடு மகன் கையில் ஒப்படைத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் அந்த ஆள் வயிறு நிறையக் குடிக்கட்டும், உப்புப் பரணியையே கவிழ்த்துக்கொள்ளட்டும், வலு வந்து மறுபடியும் தட்டைச் சுவரில் எறியட்டும். எறிகிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். நினைத்துவிட்டுத் தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டாள்.

சித்திரையில் அனில்குமார் வந்தான். டாக்சியிலிருந்து இறங்கி உள்ளே வந்தவன் கட்டிலில் கிடந்த ஆளைப் பார்த்து அப்படியே நின்றான். அவன் விட்டுவிட்டுப் போன தகப்பன் ஆள்பாரம் எண்பது கிலோ. இங்கே கிடந்தது எலும்பு. அது கண்ணைத் திறந்து, "மக்கா, வெள்ளம்" என்றது.

"எம்மா, அப்பாக்கு வெள்ளம் குடு."

"இன்னைக்கு உள்ளது குடிச்சாச்சு மக்கா."

"என்னம்மா பேசுக? ஒரு கிளாஸ் வெள்ளத்துல என்ன வந்துரும்?"

அவள் விளக்கிச் சொன்னாள். எடை மெஷினைக் காட்டினாள். நெஞ்சில் நீர் கோத்து ஒருமுறை நடுச்சாமத்தில் ஆம்புலன்சில் ஏற்றிய கதையைச் சொன்னாள். அவன் கேட்டான், ஆனால் கண் தகப்பனின் உதட்டிலேயே இருந்தது. வந்த இரண்டு நாளும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தை தாணம்மை வந்து அவனைத் தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை. சனிக்கிழமை டயாலிசிஸ் ஆனது, மறுநாள் செவ்வாய் அடுத்தது. நடுவில் கிடக்கிற அந்த நாட்களில்தான் அழுக்கு ஏறி ஏறி உச்சியில் நிற்கும். மகனின் பரிசோதனைக்கு நாள் குறிக்க இசக்கியம்மை நாகர்கோவிலுக்குப் போக வேண்டியிருந்தது. மகனும் வருவதாகத்தான் இருந்தது. "அப்பாவத் தனியா விடாண்டாம், நான் இருக்கேன்" என்றான். அதில் அவளுக்கு மனசு நிறைந்துதான் போயிற்று. குப்பியைக் காட்டி, "இதுக்கு மேல ஒரு சொட்டு வெள்ளம் குடுக்காத மக்கா, கெஞ்சுவாரு, அழுவாரு, குடுக்காத" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வெள்ளம் என்றுதான் சொன்னாள். கருக்கு என்று சொல்லத் தோன்றவில்லை. அவள் அடுக்களையில் அது விஷம் என்பது எத்தனையோ மாதமாகத் தெரிந்த சங்கதி, அதை மறுபடி ஒருவன் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் நினைப்பில் வரவே இல்லை.

ஆசுபத்திரியில் வியாழக்கிழமைக்கு நாள் கொடுத்தார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொன்னார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பல வருசத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு கட்டன்சாயா குடிக்கத் தோன்றியது. நின்று நிதானமாகக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பகவதியப்பன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு ஈரமாக இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. எத்தனையோ நாளாக அந்த முகத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

"எனக்க மகன்" என்றான், அவளைப் பார்த்து. சொல்லி ஜெயித்த மாதிரி.

மகன் சிரித்துக்கொண்டே பேப்பரை மடித்தான். "வெள்ளம் ஒரு சொட்டு குடுக்கல்லம்மா. சத்தியமா" என்றான்.

அவள் குப்பியைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. குப்பியில் தண்ணீர் மிச்சம் இருக்க, உதட்டில் ஈரம். பின்வாசலைத் திறந்துகொண்டு போனாள். தென்னை மூட்டில் வெட்டுக்கத்தி கிடந்தது. பக்கத்தில் மூன்று கருக்குத் தொண்டு, குடித்துவிட்டுப் போட்ட வெறும் கூடு, வழுக்கையைக்கூட வழித்து எடுத்திருந்தது. ஆடு ஒன்றை நக்கிக்கொண்டிருந்தது.

ஓடி உள்ளே வந்தாள். "இஞ்சேருங்கோ, காலத் தூக்குங்கோ. காலத் தூக்குங்கோ!"

பகவதியப்பன் தூக்கப் பார்த்தான். கால் வரவில்லை. "மரத்துப்போன மாதிரி இருக்குட்டி" என்றான். இன்னும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். மகன், "என்னம்மா, என்னம்மா" என்று பின்னாலேயே வந்தான். அவனுக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. வண்டி கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது அவள் உள்ளங்கை புருசனின் முழங்கையில் இருந்தது. கிறுகிறுப்பு இருந்தது. மெதுவாக இருந்தது. இன்னும் மெதுவாக. கோட்டாற்றுக்குள் வண்டி நுழைந்தபோது அவள் கைக்கடியில் ஒன்றும் இல்லை. சிஜின் சொன்ன மாதிரியே சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பந்தல் போட்டார்கள். அதே செவ்வாய்க்கிழமை. நீர்மாலைக்கு ஆட்கள் புறப்பட்டார்கள். கால்வாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. பகவதியப்பனை உட்காரவைத்து உச்சியிலிருந்து ஊற்றினார்கள். முற்றமெல்லாம் நனைந்து, சேறாகி, வாசல் வழியாகத் தெருவில் ஓடியது. உயிரோடு இருந்தபோது ஒரு மொடக்குக்கு நாக்கை நீட்டியவனுக்கு இப்போது ஊரே தண்ணீர் ஊற்றியது.

தாணம்மை மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். "எனக்கத் தம்பிய வெள்ளம் குடுக்காமக் கொன்னுட்டாளே! தாகத்துலயே சாவ வச்சிட்டாளே!" கூட அழுத பெண்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பாரிக்கு அது நன்றாக எடுபட்டது. இசக்கியம்மை தலைமாட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். மகன் கால்மாட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அவள் முடிவு செய்து ஆகிவிட்டது. கருக்குத் தொண்டு மூன்றையும் விடிவதற்கு முன்னாலேயே எடுத்துக் கால்வாயில் எறிந்திருந்தாள்.

அப்போதுதான் சிஜின் வந்தான். முறைக்கு ஆள் வரவில்லையே என்று போன் செய்து, கேள்விப்பட்டு, பைக்கில் வந்திருக்கிறான். பிணத்தைக் கும்பிட்டுவிட்டு இசக்கியம்மை பக்கத்தில் குந்தினான். அவனுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது.

"சனிக்கிழமை நல்லாத்தானம்மா போனாரு. பிரஷர்கூட நார்மல். கால் தளர்ந்துச்சா?"

அவள் தலையசைத்தாள்.

"அப்போ பொட்டாசியம்தான். நெஞ்சு நின்னுருக்கு. என்னம்மா குடுத்தியோ? யாரும் கருக்கு கிருக்கு குடுத்தாவளா?"

பந்தலில் அழுகை நின்றது. இந்த ஊரில் அழுகை நிற்க வேறு எதுவும் வேண்டாம், ஒரு புதுச் சங்கதி போதும். தாணம்மை மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கருக்கு குடிச்சா சாவுமா?"

"கிட்னி போனவனுக்கு அது விஷம்லா அம்மா. ஒண்ணே போதும்."

இசக்கியம்மை மகனைப் பார்த்தாள். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. வாய் பாதி திறந்து, கை துண்டை இறுக்கியது. பெற்ற பிள்ளை. ஒரு நிமிசம் விட்டால் அவன் அங்கேயே விழுந்துவிடுவான், வாழ்நாள் முழுக்க எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் யோசிக்கவில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றாள்.

சிஜின் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். "நீங்களா? அம்மா, ஒங்களுக்குத்தான்..."

"கெஞ்சுனாரு. குடுத்தேன்." அவள் பார்த்த பார்வையில் அவன் மேற்கொண்டு பேசவில்லை.

இசக்கியம்மை இன்னும் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது அவனுக்காகத்தான். ஆனாலும் அவன் ஓடிவந்து, இல்லை, எங்கம்மை இல்லை, நான்தான் என்று கதறுவான் என்று அவள் உள்மனசு காத்திருந்தது. கதறினால் அவன் வாயைப் பொத்தி, சும்மா இரு மக்கா என்று சொல்லத் தயாராகக்கூட இருந்தாள். அந்த ஒரு கதறலுக்காக முப்பது வருசத் தட்டையும், கொலைகாரிப் பட்டத்தையும், எல்லாவற்றையும் மறந்திருப்பாள்.

அனில்குமார் அவளைப் பார்த்தான். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்ப ஏறியது. பிறகு பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எம்மா... நீயா குடுத்தே?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மகனிடமிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"ஆமா மக்கா" என்றாள்.

அவன் தகப்பனின் காலில் விழுந்து அழுதான். உண்மையான அழுகைதான் அது, அதில் சந்தேகமில்லை. நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள். தாணம்மை அவனைக் கட்டிக்கொண்டு, "வெள்ளத்தக் குடுக்காம வாட்டி, கடைசில வெசத்தக் குடுத்துட்டாளே மக்கா" என்று புதிதாக ஒப்பாரி எடுத்தாள். தூக்குகிற நேரம் வந்தது. வாய்க்கரிசி போட இசக்கியம்மை எழுந்தபோது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கு இல்லை, புடவை படக்கூடாது என்று. அவள் குனிந்து புருசனின் இடது முழங்கையில் உள்ளங்கையை வைத்தாள். வழக்கம், வேறொன்றுமில்லை.

சிஜின் பைக்கை எடுக்கும்போது அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் வெளியாள்.

பதினாறாம் நாள் அடியந்திரக் காரியம் வரை அனில்குமார் இருந்தான். அம்மா வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை, அத்தை வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த நாள் வந்து போயிற்று, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பேச்சு இனி வராது என்பதில் அவன் தோள் கொஞ்சம் இறங்கியிருந்ததோ என்று ஒருநாள் அவள் நினைத்தாள். பெற்றவள் நினைக்கக் கூடாததை நினைத்துவிட்டோம் என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள்.

கிளம்புகிற நாள் டாக்சி வாசலில் நின்றது. அவன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டான். அடுக்களைப் பக்கம் வரவில்லை. வாசலில் நின்று தாணம்மையிடம் சொன்னான். உள்ளே கேட்கட்டும் என்றுதான் சொன்னான்.

"அத்தே, எங்கம்மைய எடக்கெட வந்து பாத்துக்கிடுங்கோ. என்ன செஞ்சாலும் பெத்தவல்லா. நான் மன்னிச்சாச்சு."

"ஒனக்கு இருக்கப்பட்ட மனசு யாருக்கு வரும் மக்கா" என்று தாணம்மை கண்ணைத் துடைத்தாள்.

டாக்சி பாலத்தைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. இசக்கியம்மை உள்ளே மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தாள், அவள் ஒருத்திக்குத்தான். நகத்தளவுக்கு நறுக்கி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் ஊறவைத்தாள்.